தப்படிக் கணக்கு: லேசர் வருவதற்கு முன்னால் கோல்ஃப் பந்தின் தூரத்தை எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க?

1/
கோல்ஃப் ஆடுறவர் பையில அதிகபட்சம் 14 மட்டைகள் வச்சுக்கலாம். எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு மட்டையும் பந்தை ஒவ்வொரு தூரத்துக்கு அனுப்பும். குழி 150 கஜம் தள்ளி இருக்குன்னு வைங்க. 14-ல் எதை உருவணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?

கொஞ்சம் நீளமான திரெட். வரலாறு பிடிக்கும்னா உட்காருங்க.

2/
இன்னைக்கு இதுக்குப் பதில் சுலபம். பைனாகுலர் மாதிரி ஒரு லேசர் கருவியைக் கண்ணுல வச்சா கொடிக்கம்பம் எவ்வளவு தூரம்னு சொல்லிடும். நீங்க அடிச்ச பந்து எத்தனை கஜம் பறந்துச்சுன்னு சொல்ல ரேடார் இருக்கு. டென்மார்க்கில் 2003-ல் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் கருவி அதில் பிரபலம். விலை? பல லட்சம் ரூபாய்.

அப்போ அதுக்கு முந்தி? நூறு வருஷத்துக்கு மேல இந்த வேலையைச் செஞ்ச கருவி ஒண்ணுதான். மனுஷன் கால்.

3/
"டாக்டர், ரிஷிவந்தியத்துல உட்கார்ந்துக்கிட்டு கோல்ஃப் பத்தி எழுதுறீங்களே"ன்னு நீங்க கேட்கிறது எனக்குக் கேட்குது. ஆமாங்க, எங்க பக்கம் கோல்ஃப் மைதானம் கிடையாது. பணக்கார விளையாட்டு, நமக்கென்னன்னு தோணலாம்.

ஆனா உங்க பட்டாவில் இருக்கிற "சென்ட்", தாத்தா சொன்ன "பர்லாங்கு", தெருவில் பசங்க ஆடுற கிரிக்கெட் பிட்ச், பரங்கிமலையில் நடந்த நில அளவை, எல்லாமே இந்தக் கதைக்குள்ள வருது.

4/
முதலில் ஆட்டம். மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கோ அதைப் பொறுத்துத்தான் தூரம். டிரைவர் என்ற நீள மட்டையின் முகம் கிட்டத்தட்ட நேராக நிற்கும், பந்து தாழ்வாக நெடுந்தூரம் போகும். வெட்ஜ் என்ற குட்டை மட்டையின் முகம் நல்லா மல்லாந்து கிடக்கும், பந்து செங்குத்தா ஏறி பக்கத்திலேயே விழும்.

நடுவில் இருப்பவை அயர்ன்கள். அவற்றுக்கு எண் உண்டு. 7-ஐ விட்டு 6-ஐ எடுத்தா சுமார் 10 முதல் 15 கஜம் கூடும். இந்த இடைவெளியை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. கடைசியில் வேணும்.

5/
பழைய காலத்தில் மட்டைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். பிராஸி, ஸ்பூன், மாஷி, நிப்ளிக். மரக்கைப்பிடி. ஒரே பட்டறையில் செஞ்ச ரெண்டு மட்டைகூட ஒரே மாதிரி வளையாது.

இரும்புக் கைப்பிடியை அமெரிக்கா 1924-லும் பிரிட்டன் 1929-லும் அனுமதிச்சது. அதுக்கப்புறம்தான் ஒரே வரிசையில் எண் போட்ட மட்டைகள் பரவின. 14 மட்டைக்கு மேல் கூடாதுன்னு அமெரிக்காவில் 1938-ல் விதி வந்தது, பிரிட்டனில் 1939-ல். எத்தனை வேணும்னாலும் வச்சுக்கலாம்னு இருந்த காலம் போச்சு. இருக்கிற 14-ம் எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சே ஆகணும்.

6/
இந்த ஆட்டம் நம்ம நாட்டுக்கு வந்தது ரொம்ப முன்னாடியே. கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கிளப் அதுதான். பம்பாய் 1842. நம்ம கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895. சென்னையில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு உள்ளேயே கோல்ஃப் ஆடினாங்க.

ஆடினது துரைமார். ஆனா மைதானத்தை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை முழுசா நடந்து தீர்த்தது யார்? பையைத் தூக்கிய கேடி.

7/
வட இந்திய கிளப்களில் இன்னொரு வேலையும் இருந்தது. "ஆகேவாலா". முன்னாடி நிற்பவர்னு அர்த்தம். துரை அடிக்கிற இடத்திலிருந்து பல நூறு அடி தள்ளி வெயிலில் நின்னு, பந்து எங்கே விழுதுன்னு பார்த்து வைக்கணும்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே ஆளின் பந்து, ஒரே மட்டை, வருஷக்கணக்கா எங்கே விழுதுன்னு ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கார். இன்னைக்கு பல லட்சம் ரூபாய் ரேடார் செய்யுற வேலையின் பெரும்பகுதி அதுதானே? அடிச்சவருக்கே தெரியாத அவருடைய தூரம், தூக்கினவருக்குத் தெரியும். "சாப், அது வேணாம், இதை எடுங்க" என்று கேடி சொன்னதுக்குப் பின்னால் அத்தனை ஆயிரம் தப்படிகள் இருந்தன.

8/
ஆனா அது யாரும் எழுதி வைக்காத அறிவு. அதைக் காகிதத்தில் கொண்டுவந்த கதையில் முக்கியமான வருஷம் 1961. கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் அமெரிக்க அமெச்சூர் போட்டி. ஜாக் நிக்லஸுக்கு வயசு 21. போட்டிக்கு முன்னால் மைதானத்தைத் தப்படி போட்டு அளந்துவிடுன்னு யோசனை சொன்னவர் டீன் பீமன், முந்தின வருஷ சாம்பியன். ஜீன் ஆண்ட்ரூஸ் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் இதை அதற்கும் முன்பே செய்து வந்தார்.

நிக்லஸ் நடந்தார். இந்த மரத்திலிருந்து இத்தனை, அந்த மணல்குழியிலிருந்து இத்தனைன்னு குறிச்சு வச்சுக்கிட்டார். பட்டத்தையும் வென்றார்.

9/
அதுக்கு முன்னால் பெரிய ஆட்டக்காரர்கள்கூட பெரும்பாலும் கண்ணால் குத்துமதிப்பாத்தான் பார்த்தாங்க. கண் ஏமாத்தும். நடுவில் பள்ளம் இருந்தா கிட்டத் தெரியும், பின்னால் பெரிய மரம் நின்னா குழி முன்னால் வந்த மாதிரி இருக்கும்.

நிக்லஸுக்கு அப்புறம் தப்படி போட்ட தூரங்களைக் கையடக்க நோட்டில் எழுதி வைக்கிறது தொழில்முறை ஆட்டக்காரர்களின் வழக்கமாகவே ஆயிடுச்சு.

ஆனா பாருங்க, மைதானத்தின் தூரம் தெரிஞ்சா பாதி வேலைதான் முடியும். "இந்த மட்டையில் நான் எவ்வளவு தூரம் அடிப்பேன்?" என்பது மீதிப் பாதி. அதுக்கும் வழி ஒண்ணுதான். அடிச்சுட்டு நடக்கணும்.

10/
தப்படி போட்டு அளக்கிறது கோல்ஃப்காரன் கண்டுபிடிச்சதில்லை. அலெக்சாண்டர் படையோடு தப்படி எண்ணுவதற்கென்றே ஆட்கள் போனாங்க. அவங்க எழுதி வச்ச தூரங்களை வச்சுத்தான் பிற்கால எழுத்தாளர்கள் ஆசியாவின் நீள அகலத்தைப் பேசினாங்க.

"மைல்" என்ற சொல்லே ரோமானியர்களின் "ஆயிரம் தப்படி"யிலிருந்து வந்தது. அவங்க கணக்கில் வலது கால் விழுந்து மறுபடி வலது கால் விழுந்தாத்தான் ஒரு தப்படி. நம்ம கணக்கில் அது ரெண்டு.

11/
நமக்கும் இது புதுசில்லை. சாண், முழம், பாகம், தப்படி, கூப்பிடு தூரம், காதம்னு உடம்பையும் குரலையும் நடையையும் வச்சே அளந்த ஆட்கள் நாம. எங்க ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற திருக்கோவிலூரில் நிற்கிற பெருமாள் பெயரே உலகளந்த பெருமாள். மூணு அடியில் அளந்த கதை ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பெயரை நம்ம ஆட்கள் நில அளவைக்கும் கொண்டு வந்தாங்க. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்குப் பெயர் "உலகளந்த கோல்".

12/
ஆனா உடம்பை வச்சு அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. என் முழம் வேற, உங்க முழம் வேற. வாங்குறவன் கை நீளம், விக்கிறவன் கை குட்டை.

இதுக்குப் பழைய தமிழ்நாட்டில் ஒரு அருமையான தீர்வு இருந்தது. கோயில் சுவரிலோ அடித்தளத்திலோ அளவுகோலின் நீளத்தை ஒரு கோடாகச் செதுக்கி வச்சுட்டாங்க. இன்னும் பல கோயில்களில் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். யார் வேணும்னாலும் தன் கோலை அங்கே கொண்டுபோய் வச்சுப் பார்த்துக்கலாம். கோல் யார் கையில் இருந்தாலும் சரி, கல்லில் இருக்கிற கோடு மாறாது.

இந்தத் திரெட்டின் மையமே இதுதாங்க. துல்லியம் கருவியின் விலையில் இல்லை. மாறாத ஒண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கத்தில் இருக்கு.

13/
இங்கிலாந்தில் 1620-ல் எட்மண்ட் குன்டர் என்ற கணித ஆசிரியர் ஒரு சங்கிலி செஞ்சார். 66 அடி நீளம், 100 வளையம். 66 அடி என்றால் 22 கஜம். கிரிக்கெட் பிட்சுக்கும் அதே நீளம்தான்.

பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். ஒரு சங்கிலி அகலம், ஒரு பர்லாங் நீளம் இருந்தா ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், 435.6 சதுர அடி. இப்படி முழுசா வராத எண் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்தச் சங்கிலியிலிருந்துதான்.

ஒரு சாதாரண ஆட்டக்காரர் டிரைவரில் நல்லா அடிச்சா சுமார் 220 கஜம். அதாவது ஒரு பர்லாங்கு. வரிசையா போட்ட பத்து கிரிக்கெட் பிட்ச்.

14/
இப்போ சென்னைக்கு வருவோம். 1802 ஏப்ரல், பரங்கிமலை. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பிக்கிறார். பின்னாளில் இமயமலை வரை போன மாபெரும் நில அளவையின் முதல் கோடு இது.

கையில் 100 அடி இரும்புச் சங்கிலி. அதை இழுத்துப் போட்டு அளந்துட்டுப் போகலை. மரப்பெட்டிகளுக்குள் படுக்க வச்சு, முக்காலிகளில் மட்டம் பார்த்து, மேலே நிழலுக்குக் கூடாரம் போட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வச்சு அளந்தாங்க. வெயிலில் இரும்பு நீளும் இல்லையா? இப்படிக் கிட்டத்தட்ட 400 தடவை. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

15/
இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. லாம்டனிடம் இன்னொரு சங்கிலியும் இருந்தது. அதை அளக்கப் பயன்படுத்தலை. வேலை செய்ற சங்கிலி தேய்ஞ்சு நீண்டிருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வச்சிருந்தார். கோயில் சுவரில் இருந்த கோடு மாதிரியே.

விலை உயர்ந்த கருவிக்கு இன்னொரு குணமும் உண்டு, உடையும். 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டை மேலே ஏத்தும்போது கயிறு அறுந்து கோபுரத்தில் மோதி நெளிஞ்சுபோச்சு. வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டித் தட்டி அவரே சரி பண்ணினார்.

16/
அந்த அரை டன் கருவியைத் தூக்கிக்கிட்டு நுழையவே முடியாத இடம் ஒண்ணு இருந்தது. திபெத். ஐரோப்பியர்களுக்கு அனுமதி இல்லை, பிடிச்சா உயிருக்கு ஆபத்து. வரைபடத்தில் அந்தப் பகுதி வெள்ளையாவே கிடந்தது.

நில அளவைத் துறையில் இருந்த தாமஸ் மாண்ட்கோமரிக்கு ஒரு யோசனை வந்தது. கருவிக்குப் பதிலா ஒரு மனுஷனையே கருவியாக்கினா என்ன? குமாவுன் மலையில் மிலம் என்ற கிராமத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தாங்க. பெயர் நயின் சிங் ராவத்.

17/
டேராடூனில் பயிற்சி. என்ன பயிற்சி தெரியுமா? நடக்கிறது. ஏத்தமா இருந்தாலும் இறக்கமா இருந்தாலும் சமதளமா இருந்தாலும் ஒரே நீளத்தில் தப்படி விழணும். ஒரு மைலுக்குச் சுமார் 2000 தப்படி. இதை உடம்பு பழகுற வரை நடக்க வச்சாங்க.

எண்ணிக்கை தவறாமல் இருக்க ஒரு ஜபமாலை. வழக்கமா 108 மணி இருக்கும், இதில் 100 மட்டும். நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளணும். மாலை ஒரு சுற்று முடிஞ்சா பத்தாயிரம் தப்படி, ஐந்து மைல். பார்க்கிறவங்களுக்கு யாத்ரீகர் ஜபம் பண்ணிக்கிட்டே போறார். குறிப்பெழுதிய காகிதம் கையில் சுத்துற பிரார்த்தனைச் சக்கரத்துக்குள்ளே.

18/
1865-ல் கிளம்பி, நேபாளம் வழியாப் போய், 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணத்தில் நடந்தது சுமார் 1200 மைல். மைலுக்கு 2000-ன்னு பெருக்கிப் பாருங்க. இருபத்து நாலு லட்சம் தப்படி. ஒவ்வொண்ணும் எண்ணப்பட்ட தப்படி.

அவருடைய உறவினர் கிஷன் சிங் இன்னொரு பயணத்தில் கொள்ளைக்காரங்களுக்குப் பயந்து குதிரையில் போக வேண்டி வந்தது. எண்ணிக்கையை விட்டாரா? இல்லை. குதிரையின் கால் எத்தனை தடவை விழுதுன்னு எண்ணினார்.

19/
பாதுகாப்புக்காக அவங்க பெயர்களை வெளியில் சொல்லலை. அறிக்கைகளில் நயின் சிங் வெறும் "பண்டிட்". 1877-ல்தான் லண்டனின் ராயல் ஜியாகிரஃபிக்கல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்திய அரசு 2004-ல் தபால்தலை வெளியிட்டது.

அவருக்காவது பெயர் கிடைச்சது. பரங்கிமலையில் லாம்டனுக்குச் சங்கிலி பிடிச்ச தமிழ் ஆட்கள் பெயர் யாருக்காவது தெரியுமா? கொடைக்கானலில் துரையின் பந்துக்குப் பின்னால் ஓடின பையன் பெயர்? அளந்த கால் ஒருத்தருடையது, எழுதின பெயர் இன்னொருத்தருடையது. அளவையின் வரலாறு முழுக்க இப்படித்தான் இருக்கு.

20/
சரி, கோல்ஃபுக்குத் திரும்புவோம். நயின் சிங் முறையை அப்படியே வச்சு, ஒரு பைசா கருவி இல்லாமல், ஒரு ஆட்டக்காரர் தன் 14 மட்டைகளின் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம்.

முதல் வேலை, காலை ஒப்பிடுறது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8-ன்னு சின்னக் கல் நட்டிருப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு 200 மீட்டர். வாகனம் இல்லாத ஓரமாப் பார்த்து, வழக்கமான நடையில் எண்ணிக்கிட்டே போங்க. 270 தப்படி வந்தா, உங்க தப்படி 74 சென்டிமீட்டர். மூணு தடவை நடந்து சராசரி எடுங்க. ரோட்டுக்குப் போக முடியலையா? கிரிக்கெட் பிட்சில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர். அதில் பத்துத் தடவை போய் வாங்க.

21/
ரெண்டாவது, ஒரு மட்டையில் பத்துப் பதினஞ்சு பந்து. சமதளம், காத்து இல்லாத நேரம். எல்லாம் அடிச்சு முடிச்சப்புறம் நடந்து, ஒவ்வொரு பந்தும் எத்தனையாவது தப்படியில் கிடக்குன்னு எழுதணும்.

ஒரு எச்சரிக்கை: பந்து விழுந்த இடம் வேற, உருண்டு நின்ன இடம் வேற. கோடையில் காய்ஞ்ச தரையில் நிறைய உருளும், மழைக்கப்புறம் விழுந்த இடத்திலேயே நிற்கும். குழிக்கு முன்னால் தண்ணி இருந்தா உங்களைக் காப்பாத்துறது பறந்த தூரம் மட்டும்தான். அதனால ஒரு நண்பரைத் தூரத்தில் நிறுத்தி விழுற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்க. பழைய ஆகேவாலா வேலை!

22/
மூணாவது, ரொம்பக் கஷ்டமானது. நேர்மை.

பதினஞ்சு பந்தில் ஒண்ணு அமோகமா 170 கஜம் போயிருக்கும். மனசு அதையே பிடிச்சுக்கும். "என் 7 அயர்ன் 170 போகும்"னு ஊரெல்லாம் சொல்வார். ஆனா மீதி பதினாலும் 140-லிருந்து 155-க்குள் கிடக்கும். ஆட்டத்தில் அந்த 170-ஐ நம்பி மட்டை எடுத்தா பந்து தண்ணியில்.

எல்லா எண்ணையும் வரிசையா எழுதி நடுவில் வருவதை எடுங்க. அதுதான் உங்க தூரம். ரொம்ப நல்லதும் ரொம்ப மோசமானதும் உங்க அடையாளம் இல்லை.

23/
என் வேலையில் தினமும் பார்க்கிறது இது. ஒரே ஒரு பிரஷர் ரீடிங்கை வச்சு ஒருத்தருக்கு வாழ்நாள் மாத்திரையை ஆரம்பிச்சுட மாட்டோம். உட்கார வச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, மறுபடி பார்ப்போம். இன்னொரு நாள் வரச் சொல்வோம்.

சர்க்கரை நோட்டிலும் அதேதான். நாலு நாள் பட்டினி கிடந்து எடுத்த 110-ஐ மட்டும் காட்டி "நல்லாத்தான் இருக்கு சார்" என்பவர், அந்த 170 கஜக்காரருக்குத் தம்பி. எண்ணைக் காட்டி என்னை ஏமாத்தலாம், கண்ணும் கிட்னியும் ஏமாறாது.

24/
நாலாவது, இடத்தையும் எழுதி வைக்கணும். சென்னையில் கண்டுபிடிச்ச தூரத்தை எடுத்துக்கிட்டு கொடைக்கானல் போனா கணக்கு தப்பும். அங்கே உயரம் சுமார் 2100 மீட்டர், காத்து அடர்த்தி குறைவு, பந்தைத் தடுக்க ஆள் கம்மி. அதே அடி பத்து சதவீதத்தை ஒட்டிக் கூடுதலாகப் போகும். 150 கஜம் போற மட்டை 165-க்குக் கிட்டப் போயிடும். சரியா ஒரு மட்டை வித்தியாசம்!

மூச்சு வாங்குற அதே மெல்லிய காத்துதான் பந்துக்கு வசதி.

25/
"தப்படி என்ன துல்லியமா இருக்கும் டாக்டர்? தப்பு வருமே?" வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒப்பிட்டுப் பழகின நடையில் 3 சதவீதம் தப்புன்னு வைங்க. 150 கஜத்துக்கு நாலரை கஜம். ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவுன்னு முதல்ல சொன்னேன்? 10 முதல் 15 கஜம். தப்பு அந்த இடைவெளியைவிடச் சின்னது. சரியான மட்டையை எடுக்க இது தாராளமாப் போதும்.

லேசர் அரை கஜம் வரை சொல்லும். ஆனா நம்ம அடியே பத்து கஜம் முன்னே பின்னே போகும்போது அந்த அரை கஜத்தை வச்சு என்ன செய்ய? எவ்வளவு துல்லியம் தேவைன்னு முதலில் கேட்கணும். கருவி வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.

26/
இந்தக் காலடி அறிவு சும்மா போகலை. அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்திய தொழில்முறை ஆட்டக்காரர். 1993-ல் மறுபடியும் வென்றார்.

பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி.முனியப்பா அதே பட்டத்தை 2009-ல் வென்றார். கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌரசியா 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பன். பை தூக்கினவங்களும் புல் வெட்டினவங்க பிள்ளைகளும் ரேடார் முன்னால் நின்னு வளர்ந்தவங்க இல்லை. மைதானத்தைக் காலால் படிச்சவங்க.

27/
கருவி வேண்டாம்னு சொல்ல வரலைங்க. விதிகளும் மாறின. தூரம் காட்டும் கருவியை உள்ளூர் விதி மூலமா அனுமதிக்கலாம்னு 2006-ல் வந்தது, 2019-ல் பொது விதியாகவே ஆனது. பெரிய போட்டிகளில் முதல்முறையா 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் அனுமதிச்சாங்க. நல்லதுதான்.

ஆனா லேசர் சொல்றது கொடி எவ்வளவு தூரம் என்பதை மட்டும். நீங்க எவ்வளவு தூரம் என்பதை அது சொல்லாது.

28/
எங்க துறையிலும் இதுக்கு உதாரணம் நிறைய. குழந்தைக்குக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கான்னு கண்டுபிடிக்க, மேல்கையில் சுத்துற ஒரு நாடா போதும். ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசுக்குள்ளான குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனா ஆபத்து. அங்கன்வாடி அக்கா கையில் இருக்கிற அந்த நாடா எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கும்!

நுரையீரல், இதய நோயாளிகளுக்கு ஆறு நிமிட நடைப் பரிசோதனைன்னு ஒண்ணு உண்டு. 30 மீட்டர் வராந்தா, ரெண்டு முனையிலும் அடையாளம், ஒரு கடிகாரம். ஆறு நிமிஷத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார்? உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட பரிசோதனை. நயின் சிங் பார்த்தா சிரிச்சிருப்பார்.

29/
கள்வராயன் மலையிலிருந்து வர்றவங்ககிட்ட "உங்க ஊர் எவ்வளவு தூரம்"னு கேட்டா, பெரியவங்க கிலோமீட்டர் சொல்ல மாட்டாங்க. "ஒண்ணரை மணி நேர நடை"ம்பாங்க. படிக்காதவங்க பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். ஏத்தம், இறக்கம், ஓடை, தலையில் சுமை எல்லாத்தையும் உள்ளே வச்ச அளவு அது. நெஞ்சுவலிக்காரரை எப்போ கிளப்பணும்னு முடிவு பண்ண, வரைபடத்தில் நேர்கோட்டில் இருக்கிற 6 கிலோமீட்டரைவிட அந்த ஒண்ணரை மணி நேரம்தான் எனக்கு உபயோகம்.

30/
ஆசிரியர்கள் யாராவது படிச்சா ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்புப் பசங்களை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒவ்வொருத்தரும் தன் தப்படி எத்தனை சென்டிமீட்டர்னு கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒரு கிரிக்கெட் பந்தைப் பத்துத் தடவை எறிஞ்சு, நடந்து, எழுதி, நடு எண்ணை எடுக்கட்டும். சராசரி, பிழை, அலகு மாற்றம் மூணும் ஒரே மணி நேரத்தில் முடிஞ்சிடும். செலவு பூஜ்யம்.

"எங்க ஸ்கூல்ல கருவி இல்ல சார், அதான் பண்ணல" என்ற வாக்கியம் அந்தப் பிள்ளைகள் வாயில் வரக்கூடாது. அதுக்காகத்தான் இத்தனை நீளத்துக்கு எழுதினேன்.

31/
நாளைக்குக் காலையில் நடைப்பயிற்சி போறீங்கன்னா, பாதுகாப்பான இடமாப் பார்த்து அந்த 200 மீட்டரை எண்ணிப் பாருங்க. எத்தனை தப்படி வந்துச்சுன்னு உங்க உயரத்தோட கமெண்டில் போடுங்க. மூணு தடவை நடந்த சராசரியாப் போடுங்க, நல்லா வந்த ஒண்ணை மட்டும் இல்ல 🙂


அரசு மருத்துவர், ரிஷிவந்தியம்